கண் காத்திருக்காது!

"கண்ணே, கண்மணியே" என்று குழந்தையைக் கொஞ்சாத தாய் உண்டா? ஆனால் அந்தக் கண்ணுக்கு ஏதாவது வந்துவிட்டால் நாம் செய்வதைப் பாருங்களேன். ஒருத்தி தாய்ப்பால் பீய்ச்சு என்பாள். ஒருத்தி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விடு என்பாள். இன்னொருத்தி, "மெடிக்கல் ஷாப்புல கேளு, ஒரு சொட்டு மருந்து குடுப்பாங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்பாள். இத்தனையும் செய்து பார்த்த பிறகு, நாலாம் நாளோ ஐந்தாம் நாளோதான் டாக்டர் ஞாபகமே வரும்.

கண்ணுக்கு வரும் கோளாறுகளில் சில தானாகவே சரியாகிவிடும். சில, வருஷக் கணக்காகச் சத்தமில்லாமல் பார்வையை அரித்துக்கொண்டிருக்கும். இன்னும் சிலவற்றில் நாலு நிமிஷம் தாமதித்தாலும் போனது போனதுதான். வலியை வைத்து இதை எடை போடவும் முடியாது. துடிதுடிக்க வைக்கும் சில உபாதைகள் இரண்டு நாளில் ஆறிவிடும். துளியும் வலிக்காத சிலதான் கண்ணையே கொண்டுபோகும். ஆகவே வியாதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் இல்லத்தரசிகளான நமக்கு உபயோகம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நிமிஷக் கணக்கு

எங்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்தில் வெற்றிலை பாக்குப் போடும் பாட்டிகள் இன்னும் நிறையவே இருக்கிறார்கள். சுண்ணாம்பு இப்போது சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிறது. தவழும் குழந்தையின் கையில் அது கிடைத்து, ஒரு அமுக்கு அமுக்கினால் பீய்ச்சிக்கொண்டு நேராகக் கண்ணில் அடிக்கும். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குப் பெரிய எதிரி. அமிலம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். காரமோ கருவிழிக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

அப்போது ஆட்டோ தேடி ஓடக் கூடாது. முதல் வைத்தியம் தண்ணீர்தான். குழந்தையைப் படுக்க வைத்து, இமைகளை நன்றாக விரித்துப் பிடித்து, சொம்பு சொம்பாகச் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் குறைந்தது இருபது, முப்பது நிமிஷம் கழுவுங்கள். குழந்தை அலறும், நமக்குக் கை நடுங்கும். பரவாயில்லை, விடக் கூடாது. இமைக்குள் சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் ஈரமான சுத்தத் துணியின் நுனியால் மெதுவாக எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஆஸ்பத்திரி. "புளிப்பு பட்டால் காரம் முறியும்" என்று எலுமிச்சம் பழத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், பேட்டரித் தண்ணீர் எதுவானாலும் இதே முறைதான்.

பால் வடியும் செடிகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கம் மாங்காய் பறிக்கும் காலத்தில் காம்பிலிருந்து தெறிக்கும் பால் தோலையே புண்ணாக்கும். கண்ணைச் சும்மா விடுமா? பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கம்பூ பறிக்கும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பல பேருக்கு வலியே இருப்பதில்லை. ஆனால் கருவிழி வீங்கி, பார்வை புகை போட்ட மாதிரி ஆகிவிடும். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல், கழுவிக்கொண்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கழுவக் கூடாத சமயமும் ஒன்று உண்டு. ஈர்க்குச்சி அம்பு, பென்சில் முனை, பட்டாசுச் சிதறல், லேத்தில் தெறித்த இரும்புச் சில்லு இவை கண்ணைக் குத்தியிருந்தால் தண்ணீர் விடாதீர்கள், தேய்க்காதீர்கள், அழுத்திக் கட்டுப் போடாதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணின் மேல் பாரம் படாமல் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து, விளிம்பில் பிளாஸ்திரி ஒட்டி, அப்படியே அழைத்துப் போக வேண்டும்.

அன்றைக்கே போக வேண்டியவை

ஓசூர் ரோஜாவைத் தெரியாதவர்கள் இல்லை. பிப்ரவரி 14 வந்தால் வெளிநாட்டுக்கே விமானம் ஏறுகிறது. பசுமைக் குடில்களில் அந்தப் பூவைப் பறிப்பதும் கட்டுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ரோஜா முள் கண்ணைக் கீறியது. சின்னக் கீறல்தான். கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டாள். மறுநாளே சிவப்பு வடிந்தது. "நல்ல மருந்துக்கா" என்று என்னிடமே சொன்னாள். ஒரு வாரத்தில் கருவிழியில் அரிசி போல வெள்ளைப் புள்ளி. அது பூஞ்சைக் காளான் புண். ஆறுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்கும் அந்தக் கண்ணில் தழும்பு இருக்கிறது, பார்வை பாதிதான்.

நடந்தது என்னவென்றால், அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் எரிச்சலையும் சட்டென்று அடக்கும். கூடவே கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். காளானுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? முள், நெல் உமி, கரும்புத் தோகை, மாட்டின் வால் என்று தோட்டம் துரவு சம்பந்தப்பட்ட எதுவும் கண்ணில் பட்டால் காளான் புண் வர வாய்ப்பு உண்டு. நம் தென்னிந்தியாவில் இது அதிகம். இதற்கு நாட்டாமைசின் என்ற மருந்து இருக்கிறது. விலை கூடிய புதிய மருந்தோடு இதை ஒப்பிட்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நாட்டாமைசின்தான் மேல் என்று தெரிந்தது. மருந்து இருக்கிறது, ஆனால் புண் சின்னதாக இருக்கும்போதே போனால்தான் முழுப் பலன்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் கணவரோ பிள்ளையோ உள்ள வீடுகளில் இன்னொன்றும் சகஜம். கிரைண்டிங் செய்யும்போது இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டிக்கொள்ளும். கூட வேலை செய்பவர் கைக்குட்டை நுனியால் எடுப்பதும், கிராமத்தில் நாக்கால் எடுப்பதும் உண்டு. இரண்டுமே புண்ணுக்கு வழி. இரும்பு ஒட்டிய இடத்தில் சில மணி நேரத்திலேயே துரு வளையம் பிடிக்கும். டாக்டர்தான் மரத்துப்போகும் மருந்து விட்டு எடுக்க வேண்டும். கிரானைட் அறுக்கும் இடங்களிலும் இதே கதைதான். மதியச் சாப்பாட்டு டப்பாவோடு, "பாதுகாப்புக் கண்ணாடி எடுத்துக்கிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த குழந்தைகள் நடு ராத்திரியில் "கண்ணில் மண் கொட்டின மாதிரி இருக்கு" என்று அழுதுகொண்டு எழுவார்கள். பார்த்து ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும் என்பதால் நமக்குக் காரணமே புரியாது. கேட்கவே பயமாக இருந்தாலும் இது பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். குளிர்ந்த துணியை மூடிய இமை மேல் போட்டு, இருட்டறையில் படுக்க வைத்து, காலையில் டாக்டரிடம் காட்டினால் போதும்.

பெரியவர்களிடம் கவனிக்க வேண்டியது இது. திடீரென்று ஒரு கண்ணில் கடும் வலி, அந்தப் பக்கமே தலை பிளக்கிறது, வாந்தி, விளக்கைப் பார்த்தால் வானவில் வளையம். இதைப் பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுக்கும் வீடுகள் உண்டு. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறியதன் அடையாளம் இது. சில மணி நேரத்திலேயே கண் நரம்பு பாழாகிவிடலாம். அதே போல் கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல் தெரிவது, இவை விழித்திரை கிழிந்து விலகுவதன் அறிகுறிகள். வலி கிடையாது. அன்றைக்கே போனால் பல சமயம் காப்பாற்றிவிடலாம்.

காத்திருந்தாலும் பயமில்லாதது

நடுவில் ஒரு ஆறுதல் செய்தி. 'மெட்ராஸ் ஐ' என்று நாம் சொல்லும் கண்வலி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இந்த நோய் பரவியபோது அதைப் பற்றி விவரமாக எழுதி வைத்தார்கள். அதனால் ஊர்ப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. இது வைரஸால் வருவது. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் பரவும். துண்டைத் தனியாக வைத்து, சோப்புப் போட்டு அடிக்கடி கை கழுவினால் வீட்டில் மற்றவர்கள் தப்பிக்கலாம். வலி கூடினாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் போங்கள். கண்கட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை வெந்நீர்த் துணி ஒத்தடம் போதும், நசுக்காதீர்கள்.

இளம் தாய்மார்களுக்கு

அபூர்வமான கண் வியாதிகளில் பலவற்றை முதலில் பார்ப்பது டாக்டர் அல்ல, அம்மாதான். பால் கொடுக்கும்போது குழந்தையின் கண்ணை அவ்வளவு நெருக்கத்தில் வேறு யார் பார்க்கிறார்கள்?

ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுத்தால் குழந்தையின் கண்மணி சிவப்பாகத் தெரிவது வழக்கம். ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையாகவோ, பூனைக் கண் போலவோ பளபளத்தால் உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிறவிப் புரையாக இருக்கலாம். விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். பதினைந்தாயிரம் முதல் பதினெட்டாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற அபூர்வமான நோய் அது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். வலி இராது, குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மருந்து, லேசர் இவற்றால் உயிரையும், பல சமயம் கண்ணையும் காக்கலாம். முற்றிவிட்டால் உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க நேரும். ஒரு குழந்தைக்கு வந்தால் கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

"என் பேத்திக்கு மாட்டுக் கண்ணு மாதிரி எவ்வளவு பெரிய கண்ணு!" என்று பூரிக்கிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது வெறும் அழகுதான். ஆனால் கருவிழி பெரிதாகிக்கொண்டே போய், சற்று நீலம் பூத்து, தண்ணீர் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை முகத்தைப் புதைத்துக்கொண்டால் அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அதற்கு ஆபரேஷன்தான் வழி. அதுவும் சீக்கிரம் செய்ய வேண்டும். வெறுமே தண்ணீர் மட்டும் வடிந்தால் கண்ணீர்க் குழாய் அடைப்பு. டாக்டர் காட்டித் தருவது போல் மூக்கோரம் நீவிவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் திறந்துகொள்ளும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளின் பார்வையைக் கெடுத்திருக்கிறோம்! முதல் மூன்று, நான்கு மாதம் கண் அங்குமிங்கும் போவது சகஜம். அதற்குப் பிறகும் ஒரு கண் விலகினால் மூளை அந்தக் கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். கண் 'சோம்பேறி' ஆகிவிடும். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடி வைத்து, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுப்பதுதான் சிகிச்சை. ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம். கல்யாண வயதில் ஆபரேஷன் செய்தால் கண் நேராகும். போன பார்வை திரும்புவது கஷ்டம்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கோ முப்பது நாளுக்குள் விழித்திரையைச் சோதித்தே ஆக வேண்டும். அந்தக் குழந்தைகளுக்கு விழித்திரையில் இரத்தக் குழாய்கள் கோணலாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. தக்க நேரத்தில் லேசரோ ஊசி மருந்தோ கொடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், பெங்களூர் நாராயண நேத்ராலயா 2008-லிருந்து 'கிட்ராப்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. பயிற்சி பெற்றவர்கள் கேமராவோடு மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கே போய்ப் பச்சைக் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுத்து அனுப்ப, டாக்டர்கள் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்கிறார்கள். பெயர் வைக்கிற தேதியைக் காலண்டரில் குறிக்கும்போது இந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலைக்கண் இரண்டு விதம். ஒன்று வைட்டமின் ஏ குறைவால் வருவது. முருங்கைக் கீரை, பப்பாளி, காரட், நம் ஊர் மாம்பழம் இவற்றால் தடுக்கலாம். ராகிக் களிக்குக் கீரை கடையும்போது ஒரு ஸ்பூன் எண்ணெய் சேருங்கள். எண்ணெய் இருந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசாங்கம் கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தையும் விட்டுவிடாதீர்கள். மற்றது பரம்பரையாக வரும் விழித்திரை நோய். முதலில் இரவில் தடுமாற்றம், பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆகும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே கட்டுகிற குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் அடுத்த சம்பந்தம் பேசுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

வருஷம் ஒரு முறை

நாற்பது வயதில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றால் அது வெள்ளெழுத்து. எனக்கும் வந்துவிட்டது. ஒரு கண்ணாடியோடு தீர்ந்தது. ஆனால் கண்ணாடியைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குவதோடு நிற்காமல், டாக்டரிடம் போய்க் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துவிடுங்கள். நாள்பட்ட கண் அழுத்த நோய் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். நமக்குத் தெரிவதற்குள் பாதி போயிருக்கும். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காக்கலாம். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோரும் சோதிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், வருஷம் தவறாமல் விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புரைக்கு மட்டும் பயமே வேண்டாம். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைச் செய்தார். அங்கே நர்ஸ் வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களில் ஏராளமானோர் கிராமத்துப் பெண்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் முன்பு வெளிநாட்டிலிருந்து வந்தது, எட்டாத விலை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் அதைச் செய்யத் தொடங்கியது; ஏழைக்கும் எட்டியது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் இலவசமாகவே செய்கிறார்கள். "புரை முத்தட்டும்" என்று மாமியாரை இருட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் அதுவே சமயம்.

ஆறு மணி நேரம்

கடைசிக் கணக்கு இது. ஒருவர் இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் கண்ணைத் தானம் செய்யலாம். எடுப்பது பெரும்பாலும் கருவிழியை மட்டுமே, முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் தரலாம். கன்னட நடிகர் ராஜ்குமார் 2006 ஏப்ரலில், 76 வயதில் காலமானபோது கண்கள் தானமாகத் தரப்பட்டன. அவர் மகன் புனீத் 2021 அக்டோபர் 29-ல் மறைந்தபோதும் அப்படியே செய்தார்கள். புனீத்தின் ஒவ்வொரு கருவிழியையும் முன்னடுக்கு, பின்னடுக்கு என்று பிரித்து, நாலு பேருக்குப் பொருத்தினார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசும் எங்கள் ஓசூரில் அன்றைக்கு அதைப் பேசாத வீடில்லை.

துக்க வீட்டில் யாராவது ஒருவர் நிதானமாக இருந்தால் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலையணையால் தலையைச் சற்று உயர்த்துங்கள். கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள்; அவர்களே வீட்டுக்கு வந்து, இருபது, முப்பது நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். பக்கத்துக் கண் வங்கியின் நம்பரையும், கண் ஆஸ்பத்திரியின் நம்பரையும் இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதிச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அப்படியே மருந்து டப்பாவையும் திறந்து, திறந்து ஒரு மாதம் தாண்டிய கண் சொட்டு மருந்துகளையெல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.